மறுப்பின் முதல் பாதி

14-7-2024, ஞாயிறு

காலை நடை நாற்பது நிமிடம். ரத்த அழுத்தம் 138/84. எலுமிச்சைச் செடியில் புதிதாக ஏழு பூக்கள்.

மாலை மூத்தோர் மன்றக் கூட்டம். வழக்கம்போல் இருபத்திரண்டு பேர். சுதந்திர தினத்தன்று கொடியேற்றிய பிறகு உறுப்பினர் ஒருவர் அரை மணி நேரம் பேச வேண்டும் என்பது எங்கள் மன்றத்து வழக்கம். போன வருஷம் மூட்டு வலி. அதற்கு முந்தைய வருஷம் உயில் எழுதுவது எப்படி. இந்த வருஷம் ‘கைபேசி வந்த கதை’ என்று செயலாளர் இசக்கிமுத்து அறிவித்தார். நல்ல தலைப்பு என்று நானும் தலையாட்டினேன். பேசப் போவது நான் என்று அடுத்த வரியில் சொன்னார்.

“எனக்கு அதுல என்ன தெரியும்? நீங்க தந்தி ஆபீசுல இருந்தவுக. நீங்கதான் பேசணும்” என்றேன்.

“வரலாறுன்னா தேதி வேணும்லா, அண்ணாச்சி. பாளையங்கோட்டையில உள்ள எல்லாத் தேதியும் உங்க டைரியிலதான கெடக்கு?”

எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். புள்ளியியல் துறையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். நான் அட்டவணை போடுவேன். அதைக் கூட்டத்தில் வாசிப்பவர் வேறொருவராக இருப்பார். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

15-7-2024, திங்கள்

பேச இயலாது என்று சொல்வதற்காக இசக்கிமுத்து வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

18-7-2024, வியாழன்

பரணிலிருந்து டைரிகளை இறக்கினேன். 1969 முதல் ஐம்பத்தைந்து. தூசிக்கு மனைவி வடிவு மூக்கைப் பொத்திக்கொண்டு, “இதுல என்னயப் பத்தி எத்தன எடத்துல எழுதிருக்கீய?” என்று கேட்டாள். எண்ணவில்லை என்றேன். எண்ணியிருந்தால் நல்லது என்று பிறகு தோன்றியது.

இதுவரை திரட்டியது:

1986 ஜூலையில் வீட்டுத் தொலைபேசிக்கு விண்ணப்பித்தோம். 1993 செப்டம்பரில் இணைப்பு வந்தது. விண்ணப்பித்தபோது மகள் கல்யாணி மூன்றாம் வகுப்பு. முதல் மணி அடித்தபோது பத்தாம் வகுப்பு. அந்த முதல் மணி தவறான எண்ணுக்கு வந்தது. ஆனாலும் வடிவு அவர்களிடம் ஐந்து நிமிடம் பேசினாள் என்று டைரியில் இருக்கிறது.

1996-இல் சென்னைக் கூட்டத்தில் எங்கள் இணை இயக்குநர் இடுப்பில் பேஜர் வைத்திருந்தார். அது கூவியதும் கூட்டத்தைப் பாதியில் விட்டு எஸ்.டி.டி. பூத் தேடி ஓடுவார். செய்தி அவரிடம் பறந்து வரும். பதிலை அவர் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்.

கைபேசியை நான் நேரில் பார்த்தது 1998-இல், ஒரு கல்யாண வீட்டில். மாப்பிள்ளையின் சித்தப்பா வைத்திருந்தார். மணி அடித்தால் எடுக்கமாட்டார். வரும் அழைப்புக்கும் கட்டணம் இருந்த காலம். எண்ணைப் பார்ப்பார், துண்டிப்பார், எதிரே இருந்த பூத்துக்குப் போய் அங்கிருந்து கூப்பிடுவார். மூன்று வேளையும் அவர் சாப்பாட்டுப் பந்தியில் முழுதாக உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை.

எனக்கென்று ஒன்று வந்தது 2003 ஜனவரியில். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த கல்யாணி வாங்கித் தந்தாள்.

2003-ஆம் வருஷத்து டைரியை இன்று திறக்கவில்லை. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

21-7-2024, ஞாயிறு

பேச்சோடு சேர்த்து வைக்கப்போகும் கண்காட்சிக்கு உறுப்பினர்கள் பழைய கைபேசிகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். இதுவரை பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் வெள்ளைச் சீட்டு ஒட்டி, 2-இலிருந்து எண் போட்டேன்; 1 என்னுடையதற்கு. எண் 4 செங்கல் அளவு, மேலே கம்பி நீட்டியிருக்கிறது. எண் 7 இன்னும் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டுமாக இருக்கிறது. இருபது வருஷம் உறைக்கு வெளியே வராமலே பேசியிருக்கிறது.

பகல் பதினொன்றுக்குக் கல்யாணி கூப்பிட்டாள். வடிவு ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள்.

“அப்பா, நாங்க ரெண்டு பேரும் பதினாலாந்தேதி அங்க வாரோம். நாலு நாள் லீவு சேந்து வருது. நீங்க மேடையில பேசுறத நான் பாக்காம இருப்பனா?”

பக்கத்திலிருந்து மாப்பிள்ளை செல்வின் குரல்: “மாமா, மிஸ்டு கால் கதையச் சொல்லணும் கேட்டீங்களா! அது இல்லாம என்ன செல்போன் வரலாறு?”

அந்தக் கதை எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். செல்வின் சொல்லிச் சொல்லிப் பரப்பியது. 2003-இல் கல்யாணி தன்னோடு வேலை பார்த்த நாசரேத்துக்காரப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். அவர்கள் கிறிஸ்தவர்கள். என் சொந்தத்தில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அப்பா வாய்திறந்து பேசமாட்டார் என்று தெரிந்து அவள் ஒரு வழி சொன்னாள். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மேல எனக்கு மிஸ்டு கால் குடுங்க. சம்மதம்னா ஒண்ணு. வேண்டாம்னா ரெண்டு. பேசவே வேண்டாம்.” ஆகஸ்ட் 17, மாலை ஏழு பத்துக்கு அவள் கைபேசி ஒரு முறை அடித்து நின்றது.

அவ்வளவுதான் கதை. அண்ணன் தம்பிகளை எல்லாம் எதிர்த்து ஒற்றை மணியில் சம்மதம் சொன்ன தகப்பன் என்று எனக்கு ஒரு பெயர் வந்தது. கல்யாண வரவேற்பில் செல்வினின் தந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் ஆகஸ்ட் 17 மாலை ஏழு பத்துக்குச் செல்வின் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். இருபது முறை வந்துவிட்டது.

அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. அதை நான் மட்டும் அறிவேன்.

22-7-2024, திங்கள்

எரிவாயு உருளைக்குப் பதிவு செய்தேன். செய்ததற்கான குறுஞ்செய்தி வந்தது. வந்ததை மறுபடி பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

26-7-2024, வெள்ளி

என் பழைய சாம்பல் நிறக் கைபேசியை எடுத்துக்கொண்டு முருகன்குறிச்சியில் பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். கடையை நடத்துவது ஜன்னத் பேகம் என்ற பெண்மணி, நாற்பது வயதிருக்கலாம். பேட்டரி உப்பிப்போய் மூடி நிற்கவில்லை.

“இது மாதிரி பாத்து எத்தன வருஷம் ஆச்சு!” என்று கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். “இப்ப வாரதெல்லாம் கைய விட்டு நழுவுனா நம்ம உசிரும் நழுவுது. இத எறிஞ்சு மாங்காயே பறிக்கலாம், சார்.”

வேறு பேட்டரி போட்டார். திரை பச்சையாக ஒளிர்ந்தது. நான் எதிர்பார்க்கவில்லை. செய்திப் பெட்டியில் ஒன்றே ஒன்று இருந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்: “தேங்க்ஸ்பா. ரொம்ப தேங்க்ஸ். சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

“மகளா சார்?”

“ஆமா.”

“நல்ல பிள்ள. நீங்களும் அழிக்காம வச்சிருக்கீங்க பாருங்க.”

அழிக்காமல் வைத்திருந்ததற்கு அவர் நினைத்த காரணம் வேறு.

29-7-2024, திங்கள்

2003 டைரியைத் திறந்தேன். பதிவை அப்படியே படியெடுக்கிறேன்.

“17-8-2003, ஞாயிறு. கைபேசியில் காலையிலேயே சார்ஜ் ஒரு கோடுதான். மதியம் படுக்கப் போகும்போதுதான் சார்ஜரில் போட்டேன். நான் தூங்கி எழுவதற்குள் வடிவு அதைப் பிடுங்கிவிட்டுக் கிரைண்டர் போட்டிருந்தாள். இன்று ஏன் மாவு அரைத்தாள் என்று தெரியவில்லை, அரைப்பது சனிக்கிழமை. மாலை 7.10க்கு முதல் அழைப்பு. ஒரு மணி கேட்டது, துண்டித்தேன். 7.11க்கு இரண்டாவது. பாதி மணி அடிக்கும்போதே கைபேசி அணைந்துவிட்டது. 8.05க்குச் சார்ஜ் ஏறி உயிர் வந்தபோது கல்யாணியின் செய்தி இருந்தது.”

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தில் பாதி வெற்றிடம். என் டைரிகளில் அப்படி இருப்பது அரிது.

ஆக, எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். நான் சொல்ல நினைத்தது ‘வேண்டாம்’ என்பது. காரணமும் பெரிதாக இல்லை: அண்ணன் என்ன சொல்வார் என்ற பயம். (அந்த அண்ணன்தான் 2006-இல் சாகும்வரை ஆஸ்பத்திரிக்கும் பாங்குக்கும் ‘செல்வினைக் கூப்பிடு, செல்வினைக் கூப்பிடு’ என்று இருந்தார்.) கூடத்தில் வீட்டுத் தொலைபேசி இருந்தது. அதில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அதன் பக்கத்தில் வடிவு உட்கார்ந்து மாவு வழித்துக்கொண்டிருந்தாள். வீட்டுத் தொலைபேசியில் அடித்தால் கணக்கு எப்படி என்றும் கல்யாணி சொல்லியிருக்கவில்லை.

புள்ளியியல் படித்தவன் அந்த ஏற்பாட்டைக் கேட்டவுடனே குறையைக் கண்டிருக்க வேண்டும். ஒன்று என்றால் சம்மதம், இரண்டு என்றால் மறுப்பு என்று வைத்தால், மறுப்பவன் முதலில் சம்மதித்தாக வேண்டும். மறுப்பின் முதல் பாதி சம்மதமாகவே போய்ச் சேரும். நடுவில் எது நின்றாலும் விடை ஒரு பக்கமே சாயும். அன்று எனக்கு இது தோன்றவில்லை. பிறகு இருபத்தொரு வருஷமாக வேறொன்றும் தோன்றவில்லை.

3-8-2024, சனி

பேச்சின் கடைசிப் பகுதிக்கு இரண்டு படி எழுதினேன். படி ‘அ’: ஊர் அறிந்த கதை. படி ‘ஆ’: நடந்தது.

‘ஆ’வைப் படித்தால் செல்வின் முகம் எப்படி மாறும் என்று யோசித்தேன். அவருடைய தந்தை இப்போது இல்லை. அவர் கண்கலங்கியது ஒரு மின்கலம் தீர்ந்ததற்காக என்று ஆகிவிடும். கல்யாணி எதை மறக்கமாட்டேன் என்றாளோ அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

‘அ’வைப் படித்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. எனக்கு மட்டும் மேடையில் பொய் சொன்ன நினைவு மிஞ்சும். இதுவரை நான் அந்தக் கதையை என் வாயால் சொன்னதே இல்லை. மற்றவர்கள் சொல்லும்போது மறுக்காமல் இருந்தேன், அவ்வளவே. அதையும் பொய் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. சொல்லலாம் என்றே நினைக்கிறேன்.

வடிவு இன்று மாவு அரைத்தாள். சனிக்கிழமை. பக்கத்தில் போய் நின்றேன்.

“அன்னிக்கு ஏன் ஞாயித்துக்கெழம அரைச்ச?”

“என்னிக்கு?”

“2003, ஆகஸ்டு பதினேழு.”

கிரைண்டரை நிறுத்தாமலே என்னைப் பார்த்தாள். “மாவு தீந்திருக்கும், அரைச்சிருப்பேன். எந்தக் காலத்து மாவுக்கு இப்ப விசாரண வைக்கீய?”

சரிதான். மாவு தீர்ந்திருக்கும்.

9-8-2024, வெள்ளி

வடிவு முன்னால் ஒத்திகை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். இருபத்தாறு நிமிடம். 2003க்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன்.

“மிச்சம்?”

“அன்னிக்குச் சொல்லுதேன்.”

“ஊரெல்லாம் தைரியசாலின்னு சொன்னா ஒத்துக்கிட்டுப் போகத் தெரியணும். ஒத்துக்கிடத் தெரியலன்னா வாயத் தொறந்து சொல்லிரணும். ரெண்டுங்கெட்டானா மூஞ்சிய வச்சிக்கிட்டு அலைஞ்சா வெண்டைக்கா கூட முத்திப் போகும்.”

என்ன தெரிந்து சொன்னாள் என்று கேட்கவில்லை. வெண்டைக்காய்ப் பொரியல் நன்றாக இருந்தது.

14-8-2024, புதன்

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பேத்திக்குத் தேர்வு, வரவில்லை. செல்வின் வந்ததும் எலுமிச்சைச் செடியைப் போய்ப் பார்த்தார். கண்காட்சிப் பொருள்களுக்கு நான் ஒட்டிய சீட்டுகளைப் பார்த்து, “மாமா, மியூசியம் தோத்துச்சு!” என்றார். சாம்பல் நிறக் கைபேசியைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அதன் சீட்டில் எண் 1 என்று மட்டும் எழுதியிருந்தேன். குறிப்பு எழுதவில்லை.

“இதுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் எழுதல?”

“நாளைக்கு” என்றேன்.

15-8-2024, வியாழன்

ஒன்பதுக்குக் கொடி. வானம் தெளிவு. குடும்பத்தினரும் சேர்ந்து அறுபத்தொரு பேர். சட்டையின் இடது பையில் ‘அ’, வலது பையில் ‘ஆ’.

முதல் இரண்டு நிமிடம் என் குரலைவிடக் காகிதத்தின் சத்தம் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. கல்யாண வீட்டுச் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னபோது முன்வரிசையிலிருந்து இசக்கிமுத்து, “அது எங்க மச்சினன்லா! அந்தாளு இன்னமும் போனை எடுக்க மாட்டான்!” என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு காகிதம் சத்தம் போடவில்லை. பேஜர், 2003 மே மாதம் வரும் அழைப்பு இலவசமானது, ஒரு பைசா செலவில்லாமல் பேச நம் மக்கள் கண்டுபிடித்த மிஸ்டு கால் என்று வரிசையாக வந்தேன். ‘பஸ் ஏறிட்டேன்’ என்பதற்கு ஒன்று, ‘கூப்பிடு’ என்பதற்கு இரண்டு என்று எல்லா வீட்டிலும் ஓர் அகராதி இருந்தது என்றதும் பெண்கள் பக்கம் தலைகள் ஆடின.

பிறகு எண் 1.

“சொல்லுங்க, சொல்லுங்க” என்று இரண்டு மூன்று குரல்கள். என் கை இடது பைக்குத்தான் போனது. அதை மறைக்கப் போவதில்லை. அப்போது செல்வின் எழுந்து நின்று, தன் கைபேசியை உயர்த்தி என்னைப் படம் பிடிக்கத் தொடங்கினார். பதிவாகப் போகிறது என்று புரிந்தது. முப்பத்தாறு வருஷத்தில் தவறென்று தெரிந்த ஓர் எண்ணை நான் எந்தப் பதிவேட்டிலும் ஏற்றியதில்லை.

எந்தத் தாளையும் எடுக்காமல் சொன்னேன். “அன்னைக்கு நான் ரெண்டு மிஸ்டு கால் குடுத்தேன். ரெண்டாவது போகும்போது பேட்டரி தீந்துட்டு. நான் சம்மதம் சொல்லல. பயந்துபோய் வேண்டாம்னுதான் சொன்னேன். இத்தன வருஷமா எனக்கு வந்த பேரு என்னோடது இல்ல. மாப்ளே, நீங்க என்னை மன்னிக்கணும்.”

சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

செல்வின் கைபேசியை இறக்கினார். “மாமா, ரெண்டும் வந்துட்டு” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“ரெண்டும் வந்துட்டு, மாமா. நான் அவ பக்கத்துலதான இருந்தேன். ரெண்டாவது அரைகுறையா ஒரு ‘டிர்’ருன்னு அடிச்சு நின்னுட்டு. நான் சொன்னேன், ‘கல்யாணி, ரெண்டு’ன்னு. உங்க மக என்ன சொன்னா தெரியுமா? ‘அரை மணியெல்லாம் எங்க வீட்டுக் கணக்குல சேராது’ன்னுட்டா!”

அறுபத்தொரு பேரும் சிரித்தார்கள். வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேச்சு முடிந்ததாக அறிவிக்க மறந்துவிட்டேன். இசக்கிமுத்து வந்து பொன்னாடை போர்த்தியபோதுதான் முடிந்ததென்று தெரிந்தது.

வீட்டில் சாப்பிடும்போது கல்யாணி சொன்னாள்: “ஏம்ப்பா, வேண்டாம்னா ஒண்ணு, சம்மதம்னா ரெண்டுன்னு நான் மாத்தி வச்சிருக்கக் கூடாதா? எதுக்கு இப்படி வச்சேன்? முதல் மணி அடிச்ச உடனே உங்களுக்குக் கை நடுங்கிரும், அதோட நின்னுருவீங்கன்னு நெனச்சேன். நீங்க ரெண்டாவதும் அடிச்சிட்டீங்க! எங்க அப்பாவுக்கு இவ்வளவு தைரியமான்னு எனக்கே ஆச்சரியம்.”

“அப்ப ஏன் அந்த தேங்க்ஸ்?”

“அனுப்பிப் பாத்தேன். மறுத்துக் கூப்பிட்டீங்கன்னா அழுது சண்டை போடலாம்னு இருந்தேன். நீங்க கூப்பிடல.”

செல்வின் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “வருஷா வருஷம் நான் மிஸ்டு கால் குடுக்கது அந்த முதல் மணிக்கு இல்ல, மாமா. அவ தேங்க்ஸ் அனுப்பின பொறவும் நீங்க திருப்பி அடிக்காம விட்டீங்க பாருங்க, அதுக்கு” என்றார்.

“சாப்பாட்ட ஆற வைக்காதீங்க” என்றாள் வடிவு. “அன்னிக்குச் சாயங்காலம் இந்த மனுசன் மூஞ்சியப் பாத்தே எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?” என்று நான் கேட்டதற்கு அப்பளம் வைத்தாள்.

16-8-2024, வெள்ளி

ரத்த அழுத்தம் 124/78. கருவியைச் சந்தேகித்து மறுபடி பார்த்தேன். அதேதான்.

கண்காட்சிப் பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். எண் 1 மட்டும் என்னிடம் இருக்கிறது. சீட்டில் குறிப்பு எழுதினேன்: “2003 ஜன. – 2008 மே. நல்ல நிலையில்.”

17-8-2024, சனி

வடிவு மாவு அரைத்தாள். செல்வினும் கல்யாணியும் எலுமிச்சைச் செடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாளைக் காலை ரயில்.

ஏழு ஆகும்போது உள்ளறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். ஏழு ஒன்பதுக்குச் செல்வினின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டேன். ஏழு பத்துக்கு அவர் முந்திக்கொள்வதற்குள் அழுத்தினேன்.

வெளியே ஒரு மணி அடித்தது. துண்டித்தேன்.

பிறகு முற்றத்திலிருந்து செல்வினின் குரல்: “மாமா! வந்துட்டு!”

கைபேசியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஏழு பதினைந்து வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது அடிக்கவில்லை.

சார்ஜ் எண்பத்து நான்கு சதவீதம் இருந்தது.